பெரியப்பாவின் உடுக்கையும் மகேந்திரவர்மனின் மண்டை ஓடும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பெரியம்மா பரண் மேல இருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னாங்க. அவிழ்த்துப் பார்த்தா உள்ளே பெரியப்பாவோட உடுக்கை. பித்தளை உடம்பு பச்சை பூத்துப் போயிருந்தது. ஒரு பக்கத் தோலை எலி தின்னிருந்தது, இன்னொரு பக்கம் கையளவு ஓட்டை. கூடவே ஒரு கைச்சிலம்பு, ஒரு சாட்டை, நைஞ்சு போன விபூதிப் பை. அவர் போய் ஆறு வருஷம் ஆகுது. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். போன் போட்டுக் கேட்டதுக்கு "எனக்கு எதுக்குண்ணா அதெல்லாம், நீயே ஏதாவது பண்ணு"ன்னுட்டான்.

இதை ரெண்டு பேர் கேட்டாங்க. முதல் ஆள், பழம்பொருள் கடை வெச்சிருக்கிற ஒரு பாண்டிச்சேரிக்காரர். 4,000 ரூபாய் தரேன், தோல் இல்லாட்டியும் பரவால்ல, சாட்டையும் சேர்த்துக் குடுங்கன்னார். ரெண்டாவது ஆள் என் நண்பரோட பொண்ணு. லண்டன்ல படிக்குது. அங்கே போனதுல இருந்து 'விக்கா' அப்படிங்கிற நவீன சூனியக்காரி மதத்துல ஈடுபாடு. (அவங்க அம்மாவுக்கு இது தெரியாது. இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதறேன்.) நண்பருக்கு அனுப்பின போட்டோவைப் பாத்துட்டு எனக்கே போன் பண்ணுச்சு. "அங்கிள், கருவி நம்மளைத் தேடித்தான் வரும்னு சொல்வாங்க. பாத்ததும் இது எனக்குத்தான்னு தோணுச்சு."

இதை அப்படியே பெரியம்மாகிட்ட சொன்னேன். அவங்க வெத்தலையை மென்னுக்கிட்டே, "தோணினா ஆச்சா? யாரு கையால வாங்கிச்சு?"ன்னாங்க.

அந்த ஒரு கேள்விதான் என்னை ரெண்டு மாசமா விடல. கேள்வி புதுசு இல்ல. எங்க ஊர்ப் பக்கம் இந்தச் சண்டை குறைஞ்சது ஆயிரத்து நானூறு வருஷமா நடந்துட்டு இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி, நிறைய வரலாறு. பொறுத்தருள்க.

தளவானூர்னு சொன்னாலே "தடுப்பணை உடைஞ்சுதே, அந்த ஊரா?"ன்னு கேக்கறாங்க. இல்லைங்க. 2021-ல உடைஞ்சது தென்பெண்ணைக் கரைத் தளவானூர். நம்மளது செஞ்சிப் பக்கம், பாறைக்காடு. அந்தப் பாறைகள்ல ஒண்ணுக்குப் பேரு பஞ்சபாண்டவர் மலை. அதைக் குடைஞ்சு ஒரு சிவன் கோயில் இருக்கு. குடைஞ்சவன் முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அவனுக்கிருந்த எக்கச்சக்கமான பட்டப்பேர்ல ஒண்ணு சத்ருமல்லன். அதனால கோயிலுக்குச் சத்ருமல்லேஸ்வரம்னு பேரு. தெற்குப் பார்த்த முகப்பு, ரெண்டு பக்கமும் வாயில் காப்போன், தூண்களுக்கு மேல திருவாசி மாதிரி வளைஞ்ச மகர தோரணம். சின்ன வயசுல எங்களுக்கு அந்தக் காப்போன்கள்தான் பூதம். ஆடு மேய்க்கிற பசங்களோட அங்கே போய் மாங்காய் தின்னது மட்டும்தான் என் தொல்லியல் அனுபவம்.

இந்தக் கோயில் கல்வெட்டுல வர்ற ஒரு வார்த்தை பின்னாடி தேவைப்படும். அதுக்கு முன்னாடி, குடைஞ்ச ராஜாவைப் பத்தி.

மகேந்திரவர்மன் ஒரு கேலி நாடகம் எழுதினான். 'மத்தவிலாசப் பிரகசனம்'. வடமொழி நாடகம். பல நூற்றாண்டு கழிச்சு 1917-ல டி. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்துல பதிப்பிச்சார். குடிகாரனைப் பத்தின நாடகம்னு சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கென்னவோ, இது ஒரு சடங்குக் கருவி தொலைஞ்சு போன கதைன்னுதான் படுது.

கதை இதுதான். சத்தியசோமன்னு ஒரு காபாலிகன். கூடவே தேவசோமான்னு அவன் துணைவி. காஞ்சிபுரத்துத் தெருவுல ரெண்டு பேரும் தள்ளாடிக்கிட்டே வர்றாங்க. கள்ளுக்கடையில கள்ளு ஊத்த வரும்போதுதான் தெரியுது, கையில இருந்த கபாலத்தைக் காணோம்! கபாலம்னா மண்டை ஓடு. பிரம்மஹத்தி செஞ்சவன் பன்னிரண்டு வருஷம் மண்டை ஓடு ஏந்திப் பிச்சை எடுக்கணும்னு தர்ம சாத்திரங்கள் தண்டனை சொல்லும். அந்தத் தண்டனையையே காபாலிகர்கள் விரதமா எடுத்துக்கிட்டாங்க. தப்பே செய்யாம தண்டனையை ஏத்துக்கிட்டா எவ்வளவு புண்ணியம்னு ஒரு கணக்கு. அவங்களுக்குத் தட்டும் அதுதான், டம்ளரும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான்.

சத்தியசோமனோட புலம்பலைக் கவனிக்கணும். பாத்திரம் போச்சேன்னு மட்டும் அழல. இனிமே எதை வெச்சு நான் கபாலின்னு சொல்லிக்கிறதுன்னு அழறான். அது இல்லாட்டி அவன் வெறும் குடிகாரன். ஆனா கள்ளு ஊத்தியாச்சு, வீணாக்க முடியுமா? ஆபத்துக்குப் பாவமில்லன்னு மாட்டுக் கொம்புல வாங்கிக் குடிச்சுடறான். கருவி இல்லாட்டி மாற்றுக் கருவி. சடங்கு நிக்கக்கூடாது பாருங்க!

அப்புறம் தேடல். ஓட்டுக்குள்ள வறுத்த கறி இருந்ததால, எடுத்தது ஒண்ணு நாயா இருக்கணும், இல்லாட்டி பௌத்த பிக்குவா இருக்கணும்னு முடிவுக்கு வர்றான். அந்த நேரம் பார்த்து நாகசேனன்னு ஒரு பிக்கு பாத்திரத்தைத் துணியால மூடிக்கிட்டு வர, சண்டை ஆரம்பம். பாசுபதர் ஒருத்தர் நாட்டாமை பண்ண வர்றார். வேணும்னா கோர்ட்டுக்குப் போங்கங்கிறார். உடனே தேவசோமா சொல்றா, நம்மளால முடியாதுங்க, இவன் பின்னாடி எத்தனை விகாரத்துச் சொத்து இருக்கு, அதிகாரிங்க வாயை அடைக்க அது போதும்னு. ஏழாம் நூற்றாண்டுங்க! கடைசில ஒரு பைத்தியக்காரன் கையில ஓடு கிடைக்குது. அவன் அதை ஒரு நாய்கிட்ட இருந்து பிடுங்கியிருக்கான்.

ராஜா எல்லாரையும் கிண்டல் பண்றான். ஆனா நாடகம் முழுக்க யாரும் கேக்காத ஒரு கேள்வி, அந்த ஓட்டுக்கு சக்தி உண்டா இல்லையாங்கிறது. எல்லாருடைய கேள்வியும் ஒண்ணுதான். அது யாருது?

நிற்க.

தளவானூர்ல இருந்து செஞ்சி வந்து, அங்கேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் பாக்க மெட்ராஸ்ல இருந்து பஸ் பஸ்ஸா வர்ற கூட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த அங்காளபரமேஸ்வரி கதையும் ஒரு மண்டை ஓட்டுக் கதைதான். சிவன் பிரம்மனோட அஞ்சாவது தலையைக் கிள்ளிடறார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்குது. போட்ட சோத்தையெல்லாம் அதுவே தின்னுடுது. சுடுகாடு சுடுகாடா அலையறார். கடைசில அம்மன் மயானத்துல சோத்தை உருட்டி இறைக்க, ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்க, அம்மன் காலால மிதிச்சு அடக்கிடறா. மாசி மாசம் சிவராத்திரிக்கு அடுத்து நடக்கிற மயானக் கொள்ளை இதுக்குத்தான். தானியம், காய்கறி, காசுன்னு சுடுகாட்டுல சூறை விடறதும், ஜனங்க அதைப் பொறுக்கிட்டுப் போய் விதையோட கலக்கறதும் நானே பாத்தது.

ரெண்டு கதையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தன் கைய விட்டு ஓடு போயிடுச்சேன்னு அழறான். இன்னொருத்தர் ஓடு போக மாட்டேங்குதேன்னு அழறார். பெரியப்பா ரெண்டாவது கட்சி. வயசான காலத்துல "இத எவன்னா வாங்கிக்கினா நான் நிம்மதியா சாவேன்"னு சொல்லிட்டே இருப்பார். யாரும் வாங்கிக்கல. நானும்தான். அப்போ எனக்குச் சென்னையில புது வேலை, பகுத்தறிவு வேற கொஞ்சம் ஜாஸ்தி.

இப்போ மூணாவது கதை. என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்.

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் தேசம். பழைய செஞ்சின்னு சொல்ற மேலச்சேரி கோயில்தான் தாய்க் கோயில்னு நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பத்தி எழுதின ரெண்டு தடிமனான தொகுதியில முதல் தொகுதி 1988-ல வந்தது. அதன் துணைத்தலைப்பே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்கு'. இந்தக் கோயில்கள்ல அம்மனுக்கு எதிர்ல, கையில ஒரு வெட்டின தலையோட ஒருத்தர் நிப்பார். போத்துராஜா. போர்மன்னன்னும் சொல்வாங்க.

பாரதக் கூத்துக்காரங்க சொல்ற கதை இது. குருக்ஷேத்திரப் போர்ல ஜெயிக்கணும்னா காண்டீபமும் கதையும் மட்டும் பத்தாது. போர்மன்னன்கிட்ட இருக்கிற பூசைச் சாமான்களும் வேணும். வீரபம்பை, வீரசாட்டி, தீப்பந்தம், மஞ்சள்பெட்டி. பட்டியல் கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். கேட்டா குடுப்பானா? மாட்டான். சண்டை போட்டு வாங்கலாமா? முடியாது, அந்தச் சாமான் கையில இருக்கிற வரைக்கும் அவனை ஜெயிக்க முடியாது. அதனால கிருஷ்ணர் வழக்கம்போல ஒரு ஐடியா பண்றார். தானே கிழவி வேஷம், அர்ச்சுனனுக்கு அழகான பொண்ணு வேஷம், பேரு விஜயாம்பாள். போர்மன்னன் சொக்கிப் போறான். இது மோசடின்னு எச்சரிக்கிற சொந்த அப்பன் தலையையே வெட்டிடறான். கையில இருக்கிறது அந்தத் தலைதான். சாமான்களும் பாண்டவர் கைக்குப் போகுது, கடைசில அவனும் அவங்க பக்கம் வந்து, தருமரோட தங்கச்சி சங்குவதியைக் கட்டிக்கிட்டு அம்மனுக்குக் காவல் நிக்கறான்.

சின்ன வயசுல இந்தக் கூத்தைத் தூங்கி வழிஞ்சுக்கிட்டே பாத்திருக்கேன். அர்ச்சுனன் இடுப்பை ஆட்டறப்போ மட்டும் முழிச்சுப்போம். பெரியவனான பிறகுதான் உறைச்சது. மகாபாரதத்தோட பெரிய வீரர்களே ஒரு பம்பைக்கும் சாட்டைக்கும் ஏமாத்து வேலை பார்க்க வேண்டியிருந்ததுன்னு எங்க ஊர் சொல்லுது. வியாசர் பாரதத்துல இது கிடையாது. பம்பை அடிக்கிற கை, சாட்டை எடுக்கிற கை, தீப்பந்தம் பிடிக்கிற கை எல்லாம் சேர்ந்து, "எங்க சாமான் இல்லாம உங்க போர் நடக்காதுடா"ன்னு காவியத்துக்குள்ள எழுதிச் சேர்த்த பத்தி இது. அப்படித்தான் நான் படிக்கிறேன். கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் அதுல இருக்கு, கவனிச்சீங்களா? சாமான் நம்மகிட்ட நேர் வழியில வரல. அதுக்கு விலையா ஒரு அப்பன் தலை போயிருக்கு.

இப்போ தளவானூர் கல்வெட்டுக்கு வருவோம். குகையில வடமொழியில ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு இருக்கு. வடமொழியில ராஜா நரேந்திரன். தமிழ்ல நரேந்திரப் போத்தரையன். அரையன்னா ராஜா. அப்போ போத்தரையன் = போத்து ராஜா! போத்துன்னா இளந்தளிர், 'பல்லவ'ங்கிற வடசொல்லுக்கும் தளிர்னுதான் அர்த்தம், அதோட தமிழாக்கம்தான் இதுன்னு ஒரு கட்சி. போத்துன்னா ஆண் விலங்கு, குறிப்பா எருமைக் கடா, அம்மனுக்குப் பலியாகிற அந்த எருமைதான் பின்னாடி காவலனா மாறி நிக்குதுன்னு இன்னொரு கட்சி. தெலங்கானாவுல போனாலு திருவிழாவுல சாட்டையைச் சுழட்டிக்கிட்டு ஆடற போத்தராஜுவும் இந்த வம்சம்தான். குகை வெட்டின போத்தரையனும் கோயில் வாசல்ல தலையோட நிக்கிற போத்துராஜாவும் ஒரே ஆள்னு நான் சொல்லல. சொன்னா அடிக்க வருவீங்க. ஆனா மண்டை ஓட்டை வெச்சு நாடகம் எழுதின ராஜாவோட பட்டப்பேரும், தலையைக் கையில வெச்சிருக்கிற காவல்காரன் பேரும் ஒரே பாறைக்காட்டுல ஒண்ணா ஒலிக்குதேன்னு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

லண்டன் பொண்ணுக்கு இந்தக் கதையெல்லாம் போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டுச்சு. அப்புறம், "எங்க வழியில அப்படி இல்ல அங்கிள், யார் வேணா எடுக்கலாம், மனசுக்குப் பிடிச்சா போதும். பேரம் பேசாம வாங்கணும், சுத்தம் பண்ணணும், அவ்ளோதான்"னுச்சு. சரி, அவங்க வழி எங்கேருந்து வந்துச்சுன்னு நானும் கொஞ்சம் துருவினேன். ஆச்சரியமா இருந்தது.

நவீன சூனியக்காரி மதத்தை ஊருக்குத் தெரியவெச்சவர் ஜெரால்ட் கார்ட்னர்னு ஒரு இங்கிலீஷ்காரர். 1884-ல பிறந்தவர். 1900-ல, பதினாறு வயசுல எங்க போனார் தெரியுமா? இலங்கைக்கு. தேயிலைத் தோட்ட வேலைக்கு. அந்தத் தோட்டங்கள்ல கொழுந்து கிள்ளினது யாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மலையில மாரியம்மன் திருவிழா ராத்திரில அவர் காதுல நம்மாளுங்க உடுக்கை விழுந்திருக்குமான்னு கற்பனை பண்ணிப் பாக்கறதோட நான் நிறுத்திக்கறேன். அப்புறம் போர்னியோ, மலாயா. மலாயாவுல சுங்க அதிகாரியா இருந்தப்போ கிரீஸ்னு சொல்ற வளைஞ்சு வளைஞ்சு போற மலாய்க் கத்தி மேல பைத்தியம். ஒவ்வொரு கத்திக்கும் உயிர் உண்டு, ராசி உண்டு, ஒருத்தனுக்கு ஒத்து வர்றது இன்னொருத்தனுக்கு ஒத்து வராதுங்கிற நம்பிக்கை அங்கே பலமா உண்டு. 1936-ல அதைப் பத்தி ஒரு புஸ்தகமே போட்டார். அதே வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார்.

இங்கிலாந்துல 1735-ம் வருஷத்துச் சூனியச் சட்டம் 1951-ல ரத்தாச்சு. 1954-ல கார்ட்னர் 'இன்றைய சூனியம்'னு ஒரு புஸ்தகம் எழுதினார். ஆதி காலத்துல இருந்து ரகசியமா வர்ற மதம் இதுன்னார். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல விலாவாரியா எழுதின பிறகு, இது இருபதாம் நூற்றாண்டுல கோத்த மாலைங்கிறதை விக்காக்காரங்களே நிறையப் பேர் ஒத்துக்கறாங்க. கருவிப் பட்டியல்லயும் அது தெரியும். கருப்புப் பிடி போட்ட கத்திக்கு 'அத்தாமே'ன்னு பேரு. அந்தக் கருப்புப் பிடிக் கத்தி, சாலமோன் பேர்ல உலவின பழைய மந்திரச் சுவடில இருந்து வந்தது. 1889-ல மாத்தர்ஸ்ங்கிறவர் இங்கிலீஷ்ல போட்ட நூல் அது. வாள், வெள்ளைப் பிடிக் கத்தி, கோல், தட்டு, தூபக்கால், கயிறு, கடைசியா சாட்டை. மொத்தம் எட்டு. சாட்டைங்கிற இடத்துல என் பெரியப்பா மூட்டை ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன்.

முக்கியமான விஷயம் இதுக்கு அப்புறம்தான். கார்ட்னர் வழியில தீட்சை வாங்கினா, தீட்சை குடுக்கிறவர் இந்த எட்டையும் ஒவ்வொண்ணா கையில குடுத்து, இது இதுக்குன்னு சொல்லிக் குடுக்கணும். அதாவது யார் கையால வாங்கினேங்கிற கேள்விதான்! நீயே தனியா பண்ணலாம், நீயே கருவி எடுத்துக்கலாம்ங்கிறது பின்னாடி வந்த ஏற்பாடு. அமெரிக்காவுல ஸ்காட் கன்னிங்காம் 1988-ல எழுதின தனியாள் வழிகாட்டி அதைப் பரவலாக்குச்சு. அதுவரைக்கும் பெரியம்மாவும் கார்ட்னரும் ஒரே கட்சிதான். பொண்ணுகிட்ட சொன்னேன். "ஓ"ன்னுச்சு. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

இதோட முடிச்சிருந்தா உடுக்கையை எங்க குடும்பப் பெருமைன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். ஆனா கருவி யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு மட்டும் கேட்டா பாதிதான். யார் மேல பாஞ்சுதுன்னும் கேக்கணும்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். எதிர்த்த வீட்டு அக்கா. கல்யாணம் ஆகி நாலு மாசத்துல மூணு தடவை ஓடி வந்துட்டாங்க. கொண்டு போய் விட்டா திரும்ப வந்துடுவாங்க. சாப்பிடறதில்ல, பேசறதில்ல, திடீர்னு சிரிப்பு. பேய் புடிச்சிருக்குன்னாங்க. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பம்பைக்காரங்க வந்தாங்க. கூட எங்க பெரியப்பா, உடுக்கையோட. இடுப்புக் கயித்தை அழுத்த அழுத்த சத்தம் அழற மாதிரி ஏறும். "யாருடா நீ? எந்த ஊரு? எங்க புடிச்ச? இன்னா வேணும்?" விடிய விடிய இதே கேள்வி. அக்கா தலைமுடியைப் பிடிச்சு, சாட்டையைக் காட்டி. விடிகாலைல அக்கா வாயில இருந்து ஒரு ஆம்பளப் பேரு வந்துச்சு. தூக்கு மாட்டிக்கிட்டுச் செத்த பையனாம். கோழி கேட்டுச்சு. குடுத்தாங்க. அக்கா தலையில ஒரு பாறாங்கல்லை வெச்சு புளியமரம் வரைக்கும் ஓடவிட்டு, அங்கே ஒரு கொத்து முடியை வெட்டி ஆணி வெச்சு மரத்துல அடிச்சாங்க. அடிச்சது பெரியப்பா. அந்த வாரமே அக்காவைப் புருஷன் வீட்டுல விட்டுட்டு வந்தாங்க. இந்தத் தடவை அவங்க திரும்பி வரல.

பல வருஷம் கழிச்சு ஒரு ஆய்வைப் படிச்சப்போ கை நடுங்கிச்சு. இசபெல் நபகோவ், பின்னாள்ல இசபெல் கிளார்க்-டெசேங்கிற பேர்ல எழுதினவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், 2017-ல காலமானார். அவர் தொண்ணூறுகளோட தொடக்கத்துல பழைய தென்னாற்காடு மாவட்டத்துல, எங்க செஞ்சிப் பக்கம்தான் தங்கி ஆய்வு பண்ணார். 1997-ல ஒரு கட்டுரை, 2000-ல ஒரு நூல். கட்டுரைத் தலைப்பே எல்லாத்தையும் சொல்லிடும்: காதலனை விரட்டு, மனைவியை மீட்டு எடு. பிடிபடறது பெரும்பாலும் புதுசா கல்யாணமான பொண்ணுங்க. பிடிக்கிறது ஆசை நிறைவேறாம அல்பாயுசுல செத்த பசங்க. பாறாங்கல், முடி, ஆணி, புளியமரம், எல்லாம் அதுல இருக்கு. புருஷனோட வாழப் பிடிக்கலங்கிற ஒரு பொண்ணோட பேச்சை, பேயோட பேச்சா மாத்தி, அந்தப் பேயை மரத்துல அடிச்சுட்டுப் பொண்ணைப் புருஷன்கிட்ட திருப்பி விடற வேலையா இதை அவர் படிக்கிறார். எங்க ஊர்ல நடந்ததை யாரோ ஒளிஞ்சிருந்து பாத்த மாதிரி இருந்தது.

கருவி கை மீறிப் போறது எந்த மதத்துக்கும் பொதுதான். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ஏர்வாடி. தர்காவுக்கு வேண்டுதலா கூட்டிட்டு வந்த மனநோயாளிகளைக் கட்டிப் போட்டிருந்த காப்பகக் கொட்டகையில தீ. 28 பேர் செத்தாங்க. ஓட முடியல, கால்ல சங்கிலி. புனிதமான இடத்துல பூட்டின சங்கிலியும் இரும்புச் சங்கிலிதான்.

பெரியப்பாவைக் கெட்டவர்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவர் உடுக்கை அடிச்சுப் பாடி, குழந்தை செத்த தாய்மார்ங்க கதறி அழுது லேசாகிப் போனதையும் நான் பாத்திருக்கேன். காசுன்னு கை நீட்ட மாட்டார், வெத்தலைத் தட்டுல வெச்சா எடுத்துப்பார். ஒரே உடுக்கைதான் ரெண்டையும் பண்ணுச்சு.

பொங்கலுக்கு அக்காவும் ஊருக்கு வந்திருந்தாங்க. திண்டிவனத்துல இருக்காங்க இப்போ. புருஷன் போயிட்டார், ரெண்டு பசங்க, டெய்லரிங் கடை. மூட்டையைப் பிரிச்சு வெச்சிருக்கும்போது பெரியம்மாவைப் பாக்க உள்ளே வந்தவங்க, உடுக்கையைப் பாத்ததும் நின்னுட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மூடப் போனேன். "இருக்கட்டும்டா"ன்னு கிட்ட வந்து உக்காந்தாங்க.

ரொம்ப நேரம் கழிச்சுக் கேட்டேன், "அக்கா, அன்னிக்கு நெஜமாவே...?"

"தெரியலடா. ராத்திரி பூரா அடிச்சாங்க, கேட்டாங்க, ஒரு பேரு வந்துச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. இன்னா வேணும், இன்னா வேணும்னு பேயைத்தான் கேட்டாங்க. அதுக்கு ஒரு கோழி கெடச்சுது. என்னை ஒருத்தரும் கேக்கல."

பெரியம்மா ஒண்ணும் சொல்லல. உடுக்கையை எடுத்து அக்கா கையில குடுத்தாங்க. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. யார் கையால வாங்கணும்ங்கிற அந்தக் கேள்வியை இப்படித் தீத்து வெப்பாங்கன்னு நான் நினைக்கல. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ஓட்டைக்குள்ள கை விட்டு, எலி சேத்து வெச்சிருந்த பஞ்சையும் நெல்லு உமியையும் வெளிய எடுத்துப் போட்டாங்க. மிச்சமிருந்த தோலையும் கயித்தையும் அறுத்து எடுத்தாங்க, டெய்லர் கை, சுத்தமா. அப்புறம் வெறும் பித்தளையை என்கிட்ட நீட்டி, "நீ எடுத்துக்கினு போ. படிச்சவன், எழுதறவன். எழுதி வை"ன்னாங்க. சாட்டையைப் பெரியம்மா அன்னிக்கே அடுப்புல போட்டுட்டாங்க. தோல் கருகின நாத்தம் சாயங்காலம் வரைக்கும் போகல.

பாண்டிச்சேரிக்காரருக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். லண்டன் பொண்ணுகிட்ட அக்கா கதையையும் சேத்துச் சொன்னேன். அது கேக்கறதை விட்டுடுச்சு. ஆனா அந்தப் புளியமரம் இன்னும் இருக்கா, ஆணி இருக்கான்னு கேட்டுச்சு. மரம் இல்ல, ரோடு போட வெட்டிட்டாங்க.

உடுக்கை இப்போ சென்னையில என் புஸ்தக அலமாரியில, மத்தவிலாசத்துக்குப் பக்கத்துல இருக்கு. பசங்க அதுல பேனா சொருகி வெக்கறாங்க. பெரியம்மா வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாங்க. மழை உண்டா, சாப்பிட்டியான்னு எல்லாம் கேட்டுட்டு வெக்கறதுக்கு முன்னாடி கேப்பாங்க.

"தோல் கீல் போட்டியா?"

"இல்ல பெரியம்மா."

"போடாத கண்ணு."